ஒரே வயதுப் புழுக்கள் வேண்டுமா? சி. எலிகன்ஸ் முட்டைகளைப் பிளீச் செய்து பிரிக்கும் முறை

ஆய்வகங்களில் வளர்க்கப்படும் சிறு உருளைப்புழுவான சி. எலிகன்ஸ் வளரும் தட்டில் முட்டை, இளம்புழு, முதிர்ந்த புழு எல்லாம் கலந்தே கிடக்கும். வளர்ச்சியில் ஒரு மரபணுவின் பங்கை அளக்க இது உதவாது. எல்லாம் ஒரே வயதில் இருந்தாக வேண்டும். பிளீச்சும் காரமும் சேர்ந்தால் புழுவின் உடல் கரையும், முட்டை ஓடு சில நிமிடம் தாங்கும். அந்த இடைவெளியில்தான் முட்டைகளைப் பிரிக்கிறோம்.

முதலில் தட்டைத் தேர்ந்தெடுங்கள். பாக்டீரியா இன்னும் மிச்சமிருக்கும், வயிற்றில் முட்டை வரிசையாகத் தெரியும் புழுக்கள் நிறைந்த 60 மி.மீ. தட்டுகள் இரண்டு போதும். பட்டினி கிடந்த தட்டு வேண்டாம். அதில் முட்டைகள் தாயின் உடலுக்குள்ளேயே பொரிந்துவிடும். ஓடு இல்லாத குஞ்சுகள் பிளீச்சில் பிழைக்காது.

எம்9 என்ற உப்புக் கரைசலால் புழுக்களைக் கழுவி 15 மி.லி. குழாயில் சேர்த்து, மொத்தம் 3.5 மி.லி. ஆக்குங்கள். கையுறை, கண்ணாடி அணிந்துகொண்டு, 1 மி.லி. பிளீச்சுடன் (5% சோடியம் ஹைப்போகுளோரைட்) 0.5 மி.லி. 5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடைக் கலந்து உடனே ஊற்றிக் குலுக்குங்கள். கலவையை அன்றன்றே தயாரிக்க வேண்டும்.

இனி கடிகாரத்தைவிட நுண்ணோக்கியை நம்புங்கள். மூன்றாம் நிமிடத்திலிருந்து அரை நிமிடத்துக்கு ஒருமுறை குழாயைப் பாருங்கள். புழுக்கள் நடுவில் உடைந்து முட்டைகள் வெளியே சிதறும். பெரும்பாலானவை உடைந்ததும், ஓரிரு துண்டுகள் மிச்சமிருந்தாலும் பரவாயில்லை, குழாய் நிறைய எம்9 ஊற்றி நிறுத்திவிடுங்கள். வழக்கமாக 4 முதல் 7 நிமிடத்துக்குள் இது முடியும். எட்டு நிமிடம் ஆகியும் உடல்கள் முழுதாகவே இருந்தால் பிளீச் பழையது, அல்லது புழுக்கள் அளவுக்கு மிஞ்சிவிட்டன. நேரத்தை நீட்டினால் கருக்கள்தான் சாகும். மறுநாள் முட்டைகள் பொரியாமல் கிடப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

மையவிலக்குக் கருவியில் 1300 ஜி (புவியீர்ப்பைப் போல 1300 மடங்கு) விசையில் ஒரு நிமிடம் சுழற்றி, மேல்நீரை எடுத்துவிட்டு, எம்9-ஆல் மூன்று முறை கழுவுங்கள். அடியிலுள்ள அரை மி.லி.யைத் தொடாதீர்கள், முட்டைகள் அங்கேதான் இருக்கும்.

பிறகு 5 மி.லி. எம்9-இல் 20 டிகிரியில் 16 முதல் 20 மணி நேரம் மெல்ல ஆட்டியபடி வையுங்கள். குழாயைப் படுக்க வைத்தால் காற்று நன்றாகக் கிடைக்கும். உணவு இல்லாததால் பொரிந்த குஞ்சுகள் எல்1 என்ற முதல் இளம்புழுப் பருவத்திலேயே நின்றுவிடும்.

எண்ணும் முன் குழாயைக் குலுக்குங்கள், இல்லாவிட்டால் குஞ்சுகள் அடியில் தங்கிவிடும். 10 மைக்ரோலிட்டர் சொட்டு மூன்றை எண்ணிச் சராசரி எடுங்கள். சராசரி 25 என்றால், 200 புழுக்களுக்கு 80 மைக்ரோலிட்டர். புழுக்களுக்கு உணவாகும் ஓபி50 பாக்டீரியா உள்ள 60 மி.மீ. தட்டுக்கு இந்த எண்ணிக்கை பொருத்தமானது. 20 டிகிரியில் சுமார் இரண்டு நாளில் எல்4 என்ற கடைசி இளம்புழுப் பருவம் வரும். உடலின் நடுவே வெளிர் பிறை தெரியும்.

பல மரபணு வகைப் புழுக்களை ஒப்பிட்டால், பட்டினி நேரம் எல்லா வகைகளுக்கும் ஒன்றாக இருக்கட்டும். டாஃப்-16 மரபணு பழுதானவை போன்ற திரிபுகளுக்குப் பட்டினியைத் தாங்கும் திறன் குறைவு. அவற்றுக்குப் பிளீச் வேண்டாம்: முட்டையிடும் புழுக்கள் இருபதைப் புதிய தட்டில் 2 மணி நேரம் விட்டு, பிறகு முட்டைகளை விட்டுத் தாய்ப்புழுக்கள் அனைத்தையும் எடுத்துவிடுங்கள்.