லத்தீனோ ஆண்களுக்கான ஆன்லைன் எச்.ஐ.வி. தடுப்பு வேலை: புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

போன மாதம் இங்கே ஹூஸ்டனில், பொதுச் சுகாதாரம் படித்துவிட்டுப் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஒரு தமிழ்த் தம்பி தன் திட்டத்தைக் காட்ட வந்தார். ஸ்பானிஷ் விளம்பரம், அழகான பக்கம், எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்று வண்ண வண்ணமாக வரைபடங்கள். "இதில் எத்தனை பேர் பரிசோதனைக்கு வந்தார்கள் தம்பி?" என்று கேட்டேன். "அதை இன்னும் எடுக்கவில்லை அக்கா" என்றார். பல வருடங்களுக்கு முன் என்னிடம் யாராவது கேட்டிருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். அவருக்காக எழுத ஆரம்பித்தது இது.

நிலைமை இதுதான். 2022இல் அமெரிக்காவில் ஏறக்குறைய 31,800 பேருக்குப் புதிதாக எச்.ஐ.வி. தொற்றியிருக்கும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிசியின் மதிப்பீடு. அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு லத்தீனோக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். நாட்டு மக்கள்தொகையில் அவர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. பெரும்பாலான தொற்றுகள் ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிடையே நடக்கின்றன. தொற்று வராமல் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் பிரெப் மாத்திரைக்கு 2012இலேயே அனுமதி கிடைத்துவிட்டது. சொன்னபடி சாப்பிட்டால் உடலுறவு வழியாகத் தொற்றும் அபாயத்தை அது சுமார் 99 சதவீதம் குறைக்கிறது. மருந்து இருக்கிறது, அது தேவைப்படுகிறவரும் இருக்கிறார். இருவரையும் சேர்த்துவைப்பதுதான் நம் வேலை.

எழுத்துப்பிழை, கூகுள் மொழிபெயர்ப்பு, ரத்தச் சிவப்பில் பயமுறுத்தும் படங்கள் இவற்றையெல்லாம் விட்டுவிடுகிறேன். அவை தவறு என்று யாரும் சொல்லிவிடுவார்கள்.

ஸ்பானிஷ் என்றால் ஒரே ஸ்பானிஷ் என்று நினைப்பது

எங்கள் முதல் விளம்பரத்தை கரீபியப் பக்கத்துக்காரர் ஒருவர் எழுதினார். "உன் பரிசோதனை கிட்டை எடுத்துக்கொள்" என்பதற்கு "கொஹெர்" என்ற வினைச்சொல்லைப் போட்டிருந்தார். அவர் ஊரில் அது வெறும் "எடு". மெக்சிகோக்காரர் காதில் அது உடலுறவுக்கான கொச்சைச் சொல். ஹூஸ்டனில் யார் அதிகம் என்று நான் சொல்லத் தேவையில்லை. விளம்பரம் ஸ்கிரீன்ஷாட்டாக ஊர் சுற்றியது, கேலிப்பொருளாக.

அதற்குப் பிறகு எதை எழுதினாலும் ஒரு மெக்சிகோக்காரர், ஒரு ஹோண்டுராஸ்காரர், ஒரு வெனிசுலாக்காரர் என்று மூன்று பேராவது படிக்காமல் வெளியே விடுவதில்லை. பிரேசில்காரர் பேசுவது போர்த்துகீசியம். குவாத்தமாலாவிலிருந்து வந்தவர்களில் கிச்சே மொழியில்தான் சரளம் என்பவர்கள் இந்த ஊரில் நிறைய. இங்கேயே பிறந்த இளைஞர்கள் பலர் ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள், அவர்களுக்கு ஸ்பானிஷ் பாட்டியோடு பேசும் மொழி.

இன்னொன்று. "பாசிட்டிவ்" என்றால் நல்ல முடிவு என்று மகிழ்ந்துபோனவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன். "வைரஸ் இருக்கிறது", "இல்லை" என்று எழுதுங்கள்.

வானவில் கொடி

தன்பாலீர்ப்பாளர்களின் அடையாளமான அந்தக் கொடி எல்லா விளம்பரத்திலும் வேண்டாம். விளம்பரத்தைப் பார்க்கிறவர் கல்யாணமானவராக இருக்கலாம், மனைவியும் அந்த போனைப் பார்ப்பார்.

எடுத்தவுடன் படிவம்

கிட் கேட்டு வருகிறவரிடம் முதல் திரையிலேயே பிறந்த தேதி, பிறந்த நாடு, சோஷியல் செக்யூரிட்டி எண். ஒரு பரிசோதனை கிட்டைத் தபாலில் அனுப்ப இவை எதற்கு? முகவரியும் மின்னஞ்சலும் போதும்.

இங்கே பயம் காரணமில்லாமல் வரவில்லை. எச்.ஐ.வி. உள்ளவர் இந்த நாட்டுக்குள் வரவே கூடாது என்ற தடை 2010 ஜனவரி வரை இருந்தது. அரசு உதவி பெற்றால் கிரீன் கார்டுக்குச் சிக்கல் என்று 2020 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த கடுமையான விதி 2021 மார்ச்சில் எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் அந்தப் பேச்சு சமையல்கூடங்களிலும் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆண்கள் ஆண்களைத் தேடிப் பழகும் கிரைண்டர் செயலி, தன் பயனர்களின் எச்.ஐ.வி. நிலையை வேறு இரண்டு நிறுவனங்களோடு பகிர்ந்தது என்ற செய்தி 2018 ஏப்ரலில் வந்தது. அப்புறம் நாம் போய் ஒரு பெட்டியைக் காட்டி "இதில் நிரப்பு" என்றால் எப்படி நிரப்புவார்?

அதற்காக "யாருக்கும் தெரியாது" என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது. வீட்டில் தானே செய்துகொள்ளும் பரிசோதனை யாருக்கும் போகாது. ஆனால் கிளினிக்கில் ரத்தம் கொடுத்து வைரஸ் இருப்பது உறுதியானால், எல்லா மாநிலங்களிலும் பெயரோடு சுகாதாரத் துறைக்கு ரகசியமாகத் தெரிவிப்பார்கள். குடியேற்றத் துறைக்கு அனுப்புவதற்காக இல்லை, சிகிச்சைக்கும் கணக்கெடுப்புக்கும். இதை அப்படியே முன்கூட்டிச் சொல்லிவிட்டால் பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்கிறார்கள்.

தபால் உறை சாதாரணமாக இருக்கட்டும். ஆறு பேர் தங்கியிருக்கும் அறைக்கு வரும் உறையை முதலில் கையில் எடுக்கிறவர் பிரித்துவிடுவார்.

விளம்பரம் இரவெல்லாம், ஆள் பகலில் மட்டும்

தம்பியின் திட்டத்தைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். அந்தக் கோபத்தில் பாதி என்மேல் உள்ளது.

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த திட்டத்தில், எந்த நேரத்தில் அதிகம் பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுத்து, வெள்ளி, சனி இரவுகளில் விளம்பரத்துக்குக் கூடுதல் பணம் ஒதுக்கினோம். அது என் யோசனை, கூட்டத்தில் பாராட்டும் கிடைத்தது. விளம்பரத்தின் கீழே ஒரு வாட்ஸ்அப் எண், "என்ன சந்தேகம் என்றாலும் எழுதுங்கள்" என்ற வரியோடு. அந்த போன் அலுவலக மேஜை டிராயரில் இருந்தது. வெள்ளி மாலை 5 மணிக்குப் பூட்டினால் திங்கள் காலை 9 மணிக்குத்தான் எடுப்போம்.

ஒரு திங்கட்கிழமை எடுத்தபோது ஒரே ஆளிடமிருந்து ஏழு செய்திகள். முதல் செய்தி வெள்ளி இரவு 11:40. முந்தின நாள் இரவு ஆணுறை கிழிந்துவிட்டது, கூட இருந்தவர் தனக்கு எச்.ஐ.வி. உண்டு, மருந்தை நிறுத்தி மாதக்கணக்காகிறது என்று அப்புறம்தான் சொன்னார், இதற்கு ஏதோ மாத்திரை இருக்கிறதாமே, எங்கே கிடைக்கும்? சனி காலை: "யாராவது இருக்கிறீர்களா?" சனி மாலை: மருந்துக்கடைக்குப் போனேன், டாக்டர் சீட்டு வேண்டும் என்கிறார்கள். ஞாயிறு பிற்பகல் கடைசிச் செய்தி: "பரவாயில்லை, நன்றி."

அவர் கேட்ட மாத்திரைக்குப் பெயர் பெப். பிரெப் முன்னால் எடுப்பது, பெப் பின்னால் எடுப்பது. 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பிறகு 28 நாள் தொடர்ந்து சாப்பிட வேண்டும். அவர் எழுதியபோது ஒரு நாள்தான் ஆகியிருந்தது. "இப்போதே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், பெப் வேண்டும் என்று கேளுங்கள்" என்று ஒரு வரி அனுப்ப ஆள் இருந்திருந்தால் போதும். நாங்கள் போனைத் திறந்தபோது 72 மணி நேரம் தாண்டிவிட்டது. பரிசோதனைக்காவது வரட்டும் என்று அந்த வாரம் முழுக்கக் கூப்பிட்டோம். அவர் எடுக்கவேயில்லை.

பந்திக்கு வாருங்கள் என்று தெருவில் நின்று கூப்பிட்டு, இலையும் போட்டுவிட்டு, சமையற்கட்டைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போன கதை அது. அந்த எண்ணை நாங்கள் போடாமல் இருந்திருந்தால் அவர் வேறு எங்காவது கேட்டிருப்பார். எங்களை நம்பியதால் காத்திருந்தார்.

தம்பியின் திட்டத்திலும் அதே வாட்ஸ்அப் எண், "இரண்டு வேலை நாட்களில் பதிலளிக்கிறோம்" என்ற தானியங்கிப் பதில். கேட்டால், ஆள் போடப் பணமில்லை என்றார். விளம்பரத்துக்குப் பணம் இருந்தது. விளம்பரத்தைப் பாதியாகக் குறைத்து, மிச்சப் பணத்தில் ஆளைப் போடுங்கள். நாங்கள் பிறகு அப்படித்தான் செய்தோம். ஸ்பானிஷ் பேசும் மூன்று பேர் முறைவைத்து போனை வீட்டுக்கு எடுத்துப்போனார்கள், அதற்குத் தனிச் சம்பளம். யாருக்கும் முறை இல்லாத இரவில் விளம்பரமும் கிடையாது. தானியங்கிப் பதிலில் முதல் கேள்வியே, "கடந்த மூன்று நாளில் ஏதாவது நடந்ததா? ஆம் என்றால் 1 அனுப்புங்கள்." 1 அனுப்பினால் இரவில் திறந்திருக்கும் அவசர சிகிச்சைப் பிரிவின் முகவரியும், அங்கே போய் என்ன சொல்ல வேண்டும் என்பதும் உடனே போகும். குடியேற்றக் காகிதமோ பணமோ இல்லை என்பதற்காக அவசர சிகிச்சைப் பிரிவு பரிசோதிக்காமல் திருப்பி அனுப்ப முடியாது, 1986 முதல் அது சட்டம். இந்த வரியையும் சேர்த்தோம். மாத்திரைச் சீட்டுக்குப் பணம் யார் கட்டுவது என்பது அடுத்த கேள்வி. அதற்கும் பதில் கையில் இருக்க வேண்டும்.

அதோடு முடியாது. நீங்கள் கொடுக்கும் கிளினிக் எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுப் பாருங்கள். ஆங்கிலமே தெரியாதவர்போல் கூப்பிடச் சொல்லி என் சக ஊழியரிடம் ஒருமுறை கொடுத்தேன். முதலில் நீளமான ஆங்கில அறிவிப்பு, அதன் கடைசியில்தான் ஸ்பானிஷுக்கு 9ஐ அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினால் வாய்ஸ்மெயில், அதுவும் ஆங்கிலத்தில். எங்கள் பக்கத்தில் பல மாதங்களாக அந்த எண்தான் இருந்தது.

கிட் போய்ச் சேர்ந்தால் வேலை முடிந்தது என்று நினைப்பது

வாயில் தேய்த்துப் பார்க்கும் கிட், தொற்றி 90 நாள் வரைக்கும்கூடக் காட்டாமல் போகலாம். போன வாரம் நடந்ததற்கு இன்று செய்து பார்த்து நிம்மதி அடைகிறவர்கள் இருக்கிறார்கள். கிட்டோடு ஒரு வரியில் இதை எழுதி அனுப்புங்கள். பத்து நாள் கழித்து ஒரு செய்தியும்.

பரிசுக் கூப்பன்

மின்னசோட்டா பல்கலைக்கழகம் லத்தீனோ ஆண்களிடம் இணையத்தில் நடத்திய ஆரம்பகால ஆய்வு ஒன்றில், பணத்துக்காக ஒரே ஆள் 65 முறை படிவம் நிரப்பியிருந்தார். படிவம் நிரப்பினால் கூப்பன் என்று அறிவித்தால் உங்களிடமும் அப்படி ஒருவர் வருவார்.

பயமுறுத்துவது

வேண்டாம். மருந்து சாப்பிட்டு வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலையில் நீடித்தால் உறவில் தொற்றாது, ஸ்பானிஷில் "I = I" (இன்டெடெக்டாப்ளே = இன்ட்ரான்ஸ்மிசிப்ளே, கண்டறிய முடியாதது தொற்றாது) என்கிறார்கள், அதைச் சொல்லுங்கள்.

புதிய ஊசி

பிரெப் மாத்திரைக்குப் பதிலாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசிக்கு 2025 ஜூனில் அனுமதி வந்ததும், மாத்திரை டப்பாவை அறைத்தோழர்களிடமிருந்து மறைக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு உடனே தோன்றியது. தம்பியும் அதற்கு விளம்பரம் எழுதி வைத்திருக்கிறார், நன்றாகவே எழுதியிருக்கிறார். இந்த ஊரில் எந்தக் கிளினிக்கில் போடுகிறார்கள், காப்பீடு இல்லாதவருக்கு என்ன வழி, அங்கே போனை எடுப்பவர் ஸ்பானிஷ் பேசுவாரா என்று கேட்டேன். குறித்துக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்குக் கூப்பிட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.