ஊர் ஊராகச் சிரிக்க வைக்கக் கிளம்புகிறவருக்கு

அறுபது நிமிட ஸ்டாண்ட்-அப் (ஒருவரே மேடையில் நின்று பேசிச் சிரிக்க வைக்கும்) நிகழ்ச்சியோடு சுற்றுப்பயணம் கிளம்ப, தேறிய சரக்கு, அதாவது மேடையில் எடுபட்ட ஜோக்குகள், எழுபது நிமிடமாவது கையில் இருக்க வேண்டும். ஏதாவது ஓர் ஊரில் நடுவில் ஒரு பகுதி அப்படியே படுத்துவிடும். அன்று அந்த உபரிப் பத்து நிமிடம்தான் கைகொடுக்கும். இது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. தெரியாமல் போவது இன்னொன்று: சரக்கு தேறி, டிக்கெட் விற்று, பெயரும் வந்த பிறகு, இரண்டாம் மூன்றாம் ஆண்டில் பலர் உள்ளுக்குள் காலியாகிப் போகிறார்கள். அதைத் தடுக்கும் ஏற்பாட்டையும் சவுண்ட் செக் மாதிரி முன்கூட்டியே செய்ய வேண்டும். அட்டவணை நிரம்பிவிட்டால் அதற்கு இடம் கிடைக்காது.

சரக்கு

ஒரு ஜோக் தேறியதா என்று ஒரே இரவில் சொல்ல முடியாது. நண்பர்கள் கூட்டம் வந்திருக்கலாம், முன்னால் பேசியவர் அரங்கை நன்றாகச் சூடேற்றிவிட்டுப் போயிருக்கலாம். ஒவ்வொரு நிகழ்ச்சியையும் போனில் பதிவு செய்யுங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, முன்வரிசைப் பக்கம் திருப்பி வையுங்கள். உங்கள் குரலைவிட அவர்களின் சிரிப்புதான் தெளிவாகக் கேட்க வேண்டும். அன்றிரவே கேட்க வேண்டாம், மறுநாள் மதியம் கேளுங்கள். ஒவ்வொரு ஜோக்குக்கும் நோட்டில் மூன்றில் ஒரு குறி: அரங்கமே சிரித்தது, அங்கங்கே சிரித்தார்கள், அமைதி. மூன்று வெவ்வேறு அரங்கில் அமைதி என்றால் வார்த்தையை மாற்றுங்கள். மாற்றிய பிறகும் இரண்டு இடத்தில் அமைதி என்றால் விட்டுவிடுங்கள். கூட்டத்தின் மேல் பழி போடும் உரிமை மாதத்துக்கு ஒரு முறைதான்.

எடுபடாத ஜோக்கில் பாதிக்குக் காரணம் கருத்து இல்லை, வார்த்தை வரிசை. தமிழில் பேசுகிறவர்களுக்கு இது தனித் தொல்லை. நம் வாக்கியம் வினைச்சொல்லில் முடியும். சிரிப்பு வரவேண்டிய சொல் அதற்கு முன்னாலேயே வந்துவிடும். ‘டாக்டர் ரொம்பக் கவலையா, இனிமே கவலையே படக்கூடாதுன்னு சொன்னார்’ என்றால் ஆச்சரியம் தொடக்கத்திலேயே செலவாகிவிடுகிறது. ‘இனிமே கவலையே படக்கூடாதுன்னு கவலையா சொன்னார்’ என்றால் கூட்டம் சிரிக்கத் தொடங்கும் நேரத்தில் நீங்கள் இன்னும் ‘சொன்னார்’ என்று இழுத்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் குரலே அந்தச் சிரிப்பை அமுக்கும். பேச்சுத்தமிழ் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது: ‘இனிமே கவலையே படக்கூடாதுன்னு டாக்டர் சொன்னார்... ரொம்பக் கவலையா.’ எழுதும்போது வழுவாகத் தோன்றும் இந்தப் பின்தள்ளல் மேடையில் சரியான இலக்கணம். உங்கள் பழைய சரக்கை எடுத்து, ‘சொன்னார்’, ‘கேட்டாங்க’, ‘இருந்துச்சு’ என்று முடியும் பஞ்ச்களை (சிரிப்பு வரவேண்டிய வரிகளை) எல்லாம் ஒரு முறை திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

வரிசையில் வலுவான ஜோக் கடைசிக்கு, அதற்கு அடுத்தது முதலுக்கு. முதல் சிரிப்பு முப்பது நொடிக்குள் விழ வேண்டும். அது தள்ளிப்போகப் போகக் கூட்டம் உங்களை எடைபோடத் தொடங்கும். புதிய சரக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தேறிய இரண்டு ஜோக்குகளுக்கு நடுவே செருகுங்கள்.

அரங்கு

ஏற்பாட்டாளரிடம் ஒரு வாரம் முன்பே கேட்க வேண்டியவை: மேடைக்கும் முதல் வரிசைக்கும் எவ்வளவு இடைவெளி (இரண்டு மீட்டருக்கு மேல் போனால் நாற்காலியை முன்னே இழுக்கச் சொல்லுங்கள்), பார்வையாளர் பக்கம் விளக்கை அணைக்க முடியுமா, கதவு எந்தப் பக்கம், நிகழ்ச்சி நடக்கும்போது உணவு பரிமாறுவார்களா. வெளிச்சத்தில் உட்கார்ந்தவர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துவிட்டுத்தான் சிரிப்பார். இருட்டில் அந்தத் தயக்கம் குறையும்.

இருநூறு இருக்கை அரங்குக்கு அறுபது பேர் வருகிறார்கள் என்றால், பின்வரிசைகளைக் கயிறு கட்டி அடைத்து, வாசலிலேயே ஆள் நிறுத்தி முன்னால் நடுப்பகுதிக்கு அனுப்புங்கள். உட்கார்ந்த பிறகு யாரும் எழுந்து வரமாட்டார்கள். மேடையிலிருந்து கெஞ்சினால் நிகழ்ச்சி தொடங்கும் முன்பே தோற்றுவிடும். உயரமான கூரை சிரிப்பை விழுங்கும். அதே அறுபது பேரின் சிரிப்பு தாழ்ந்த கூரைக்கடியில் இரண்டு மடங்காகக் கேட்கும். கூரையை மாற்ற முடியாது, எனவே அங்கே சிரிப்புக்காகக் காத்திருக்கும் நேரத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சவுண்ட் செக்குக்கு ஐந்து நிமிடம் போதும். எக்கோ, ரிவெர்ப் ஆகிய எதிரொலி விளைவுகள் இரண்டையும் சுத்தமாக எடுக்கச் சொல்லுங்கள், அவை பாட்டுக்கு உரியவை. மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்தாதீர்கள். மேடை மைக்குகள் பெரும்பாலும் முன்னாலிருந்து வரும் ஒலியை மட்டும் எடுக்கும்படி அமைந்தவை. தலையைப் பொத்தினால் பக்கவாட்டுத் துளைகள் அடைபட்டு எல்லாத் திசையிலிருந்தும் இழுக்கத் தொடங்கும். குரல் மந்தமாகும், ஸ்பீக்கரில் ‘கீ’ என்ற கூச்சலும் கிளம்பும். பிரதான ஸ்பீக்கருக்கு முன்னால் நடந்து போனாலும் அதே கூச்சல்தான். வயர்லெஸ் என்றால் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புதிய பேட்டரி, ‘நேத்துதான் போட்டோம்’ என்பதை நம்ப வேண்டாம். நிகழ்ச்சி முடிய ஐந்து நிமிடம் இருப்பதை உங்களுக்குச் சொல்ல எந்த விளக்கு, எங்கிருந்து மின்னும் என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள்.

பணப் பேச்சில் ஒன்றே ஒன்று. ‘வசூலில் எழுபது சதவீதம்’ என்றால் செலவு கழிக்கும் முன்பா, கழித்த பிறகா என்று எழுத்தில் வாங்குங்கள். வசூல் நூறு, அரங்கச் செலவு நாற்பது என்றால், முன்பு என்றால் உங்களுக்கு எழுபது, பிறகு என்றால் நாற்பத்திரண்டு. பாதிச் சண்டைகள் இந்த ஒற்றைச் சொல்லில்தான்.

உடம்பு

தொடர்ந்து ஐந்து இரவுக்கு மேல் நிகழ்ச்சி வைக்காதீர்கள்; ஆறாவது நாள் பயணம்கூட இல்லாத நாளாக இருக்கட்டும். பயண நாளை ஓய்வு நாளாகக் கணக்குப் போடுவதுதான் எல்லா அட்டவணையிலும் இருக்கும் பொய். இரவு பத்தரைக்கு மேடை விட்டு இறங்கினால் உடம்பின் படபடப்பு அடங்க இரண்டு மணி நேரமாவது ஆகும். ஆகவே மறுநாள் காலை ஆறு மணி விமானம் என்பது தூங்காமல் போவதற்குச் சமம். காபியின் கஃபீன் பாதியாகக் குறையச் சுமார் ஐந்து மணி நேரம் எடுக்கும். மாலை ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி இரவு பதினொரு மணிக்கும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். மது உடனே தூங்க வைக்கும், பிறகு பின்னிரவில் எழுப்பிவிடும்.

தொண்டை கட்டினால் கிசுகிசுப்பதும் ஓய்வு ஆகாது, அதுவும் குரல்வளைக்குச் சிரமம்தான். செருமுவதற்குப் பதில் ஒரு மிடறு தண்ணீர். மூன்று வாரம் தாண்டியும் கரகரப்பு போகவில்லை என்றால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போகத்தான் வேண்டும்.

நிகழ்ச்சி முடிந்த முதல் ஒரு மணி நேரம்

முந்நூறு பேர் சிரித்த சத்தம் காதில் இருக்கும்போதே, நாற்பது நிமிடம் கழித்து, விடுதி அறையில் சாவியை வைத்துக்கொண்டு தனியாக நிற்பீர்கள். அந்த நேரத்தில் வரும் சரிவு உங்கள் வாழ்க்கை பற்றிய தீர்ப்பு ஆகாது. ஏறிய உடம்பு இறங்குகிறது, அவ்வளவுதான். ஆனால் நள்ளிரவில் அது தீர்ப்பு போலவே பேசும். அதனால் சில விதிகளைப் பகலிலேயே போட்டுக்கொள்ளுங்கள். சாப்பாடு அறைக்கு முன்பே வந்திருக்க வேண்டும். பார்வையாளரோடு கைகுலுக்கல், படம் எல்லாம் இருபது நிமிடத்துக்குள் முடிய வேண்டும். பின்னூட்டங்களை மறுநாள் காலைக்கு முன் திறக்கக் கூடாது. ஒப்பந்தத்தை உதறுவது, யாருக்காவது நீண்ட செய்தி எழுதுவது, ‘இனி மேடையே வேண்டாம்’ என்று அறிவிப்பது, எதையும் இரவில் செய்யக் கூடாது. நன்றாகப் போன இரவுக்கும் இதே விதிதான். வெற்றி இரவில் ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகளையே பிறகு அதிகம் சபிப்பார்கள்.

அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஒருவரிடம் பேசுங்கள், உங்கள் தொழிலில் இல்லாத ஒருவரிடம். ‘ஷோ எப்படி’ என்று கேட்காமல் ‘சாப்பிட்டியா’ என்று கேட்கும் ஆள் போதும். நேரத்தை முன்பே சொல்லி வைத்தால்தான் இது நடக்கும். ‘முடிந்தால் கூப்பிடுகிறேன்’ என்பது நான்காவது ஊரிலேயே நின்றுவிடும்.

பெயர் வந்த பிறகு

1978-ல் உளவியலாளர் பிலிப் பிரிக்மனும் வேறு இருவரும் சேர்ந்து வெளியிட்ட ஓர் ஆய்வில், பெரிய லாட்டரி விழுந்த 22 பேர் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மகிழ்ச்சியாக இல்லை. அன்றாடச் சின்னச் சின்ன விஷயங்களில் அவர்களுக்குக் கிடைத்த இன்பம் குறைவாகவும் இருந்தது. சின்ன ஆய்வு, அதன் மேல் கோட்டை கட்ட வேண்டாம். ஆனால் மேடைக்காரர்களுக்கு அது சுடும். ஐம்பது பேர் அரங்கில் கிடைத்த கிறுகிறுப்புக்கு முந்நூறு பேர் தேவைப்படும், பிறகு ஆயிரம். இந்த ஏணியில் கடைசிப் படி கிடையாது. எனவே ‘எவ்வளவு போதும்’ என்பதைப் பயணம் கிளம்பும் முன்பே ஒரு பக்கத்தில் எழுதிவிட வேண்டும். மனதில் வைத்திருந்தால் அது நகர்ந்துகொண்டே போகும்.

அந்தப் பக்கத்தில் மூன்று விஷயம் இருக்கட்டும். ஆண்டுக்கு அதிகபட்சம் எத்தனை இரவு. எந்தத் தேதிகளில் வீட்டில் இருப்பீர்கள். இதை மேனேஜர் அட்டவணை போடத் தொடங்கும் முன்பே அவரிடம் கொடுத்துவிடுங்கள், பிறகு கேட்டால் எல்லாத் தேதியும் ‘முக்கியமான ஷோ’ ஆகிவிடும். மூன்றாவது, எவ்வளவு சிரிப்பு வந்தாலும் எந்தச் சரக்கைச் செய்யமாட்டீர்கள். மனைவி, கணவன், பிள்ளை, அப்பா அம்மா பற்றிய ஜோக்குகளுக்கு ஒரு சோதனை: அவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தால் இதே வார்த்தையில் சொல்வீர்களா? இல்லை என்றால் எடுத்துவிடுங்கள். அந்த ஜோக் நூறு இரவு ஓடும், வீட்டில் அதற்கான பில் நூற்றியோராவது நாள் வரும்.

சரக்குக்கும் வாழ்க்கைக்கும் உள்ள கணக்கு நேரடியானது. பயணத்திலேயே இருப்பவருக்கு நடப்பதெல்லாம் விடுதியும் விமான நிலையமும்தான், எனவே ஜோக்குகளும் அங்கேயே போய் நிற்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர் காலையில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, வேலைக்குப் போய், திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறார். புதிதாக எழுதிய பத்து ஜோக்கில் மூன்றுக்கு மேல் பயணத்தைப் பற்றியது என்றால், அடுத்த ஒரு மாத அட்டவணையில் பாதியை வெட்டுங்கள். மேடைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வேலையை, நீங்கள் தொடக்கநிலையில் இருக்கும் ஒன்றை, வாரம் இரண்டு மணி நேரம் செய்யுங்கள்: நீச்சல், தச்சு, ஒரு புதிய மொழி. அங்கே யாரும் உங்களைப் பார்த்துச் சிரிக்கத் தயாராக வந்திருக்கமாட்டார்கள். அதைத் தாங்கப் பழகுவதும் பயிற்சிதான். ஜோக் தேடுவதற்காகப் போகாதீர்கள், போனால் அதுவும் வேலையாகிவிடும்.

பெரிய நிகழ்ச்சியைப் படமாக்கி வெளியிட்ட பிறகுதான் மிக ஆழமான பள்ளம் வருகிறது. இரண்டு ஆண்டு செதுக்கிய ஒரு மணி நேரம் ஒரே நாளில் பழசாகிவிடும். அமெரிக்க ஸ்டாண்ட்-அப் கலைஞர் ஜார்ஜ் கார்லின் 1977 முதல் 2008 வரை ஹெச்.பி.ஓ. தொலைக்காட்சியில் 14 நிகழ்ச்சிகள் செய்தார். ஒன்று முடிந்ததும் அதைத் தள்ளிவைத்து அடுத்ததற்கு எழுதத் தொடங்கிவிடுவது அவர் வழக்கம். அந்த அளவு எல்லாருக்கும் வராது. ஆனால் ஒன்று செய்யலாம்: படப்பிடிப்புத் தேதிக்கு முன்பே அடுத்த மணி நேரத்தின் முதல் பத்து நிமிடம் கையில் இருக்கட்டும், கரடுமுரடாக இருந்தாலும் பரவாயில்லை. வெளியீட்டு வாரத்தில் பார்வை எண்ணிக்கையைத் தட்டித் தட்டிப் பார்ப்பதைவிட, ஏதாவது ஒரு சின்ன ஓப்பன் மைக்கில் (பெயர் கொடுத்தால் யாரும் ஏறிப் பேசலாம் என்ற மேடையில்) அந்தப் பத்து நிமிடத்தோடு சொதப்புவது மேல்.

இன்னொரு வழக்கத்தையும் ஒப்பந்தத்திலேயே சேர்க்கலாம்: ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர்ப் புதுமுகம் ஒருவருக்கு ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடமும் போனைப் பாராமல் ஓரத்தில் நின்று கேளுங்கள். இறங்கி வந்ததும் ‘நல்லா இருந்துச்சு’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த ஜோக்கில் எந்த வார்த்தையை எடுத்தால் இன்னும் ஏறும் என்று சொல்லுங்கள். ஆண்டு முடிவில் எந்த அரங்கு நிரம்பியது என்பது மறந்துபோகும், அந்தப் பிள்ளைகள் அனுப்பும் பதிவுகள் வந்துகொண்டே இருக்கும்.

ஒரு எல்லைக்கோடு. மேடைக்குப் பிறகான சரிவு மறுநாள் மதியத்துக்குள் கரைந்துவிடும். தூக்கம், பசி, எதிலும் ஆர்வம் எல்லாம் இரண்டு வாரமாகத் திரும்பவில்லை என்றால் அது பயணக் களைப்பாக இருக்க வாய்ப்பு குறைவு. மருத்துவரைப் பாருங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது, அன்றிரவே ஒருவரை எழுப்பிச் சொல்லி உதவி தேட வேண்டும். ‘மனம் சரியானால் நகைச்சுவை போய்விடும்’ என்று மேடைக்குப் பின்னால் சொல்பவர்களை நம்பாதீர்கள். நோட்டில் எதுவும் எழுத முடியாமல் போவது நோய் முற்றும்போதுதான்.

திரும்பி வந்ததும்

வீடு உங்களுக்காக நின்று காத்திருக்காது. அதற்கென்று ஒரு நடை பழகியிருக்கும். முதல் இரண்டு நாள் எந்தத் திருத்தமும் சொல்லாமல் அந்த நடையில் சேருங்கள். துணி துவையுங்கள். இரவு பத்து மணிக்கு உடம்பு தானாக விழித்து நின்று மேடையைத் தேடும், இது நான்கைந்து நாள் இருக்கும். அந்த நேரத்தில் சாப்பாட்டு மேசையில் செட் போடத் தொடங்கிவிடாதீர்கள். அடுத்த ஓப்பன் மைக்குக்கு ஒரு வாரம் கழித்தே பெயர் கொடுங்கள்.