கேட் (GATE) எக்ஸாமுக்கு மாக் டெஸ்ட் எழுதுறப்போ இதைக் கவனிங்க

காரைக்குடி பக்கம், எம்.டெக் மாதிரி மேல்படிப்புக்கு எழுதுற கேட் எக்ஸாமுக்குப் படிக்கிற தம்பி தங்கச்சிகளுக்கு, தியரிய முழுசா முடிச்சிட்டுத்தான் கொஸ்டின் போடுவேன்னு உக்காந்திருக்காதீங்க, ஒரு சேப்டர் முடிஞ்சதும் பழைய வருஷ கேள்விய எடுத்துப் போட ஆரம்பிச்சிருங்க, எல்லாம் ஆன்லைன்ல ஃப்ரீயாவே கிடைக்குது.

வாரம் ஒரு ஃபுல் மாக், அதாவது நிஜ எக்ஸாம் மாதிரியே ஒரு மாதிரித் தேர்வு, 65 கேள்வி, 100 மார்க், 3 மணி நேரம், நடுவுல எந்திரிக்கக் கூடாது. வீட்ல பட்டாலையில உக்காந்தா ஆச்சி பலகாரம் சாப்பிட வான்னு கூப்பிட்டுட்டே இருப்பாக, அதனால மாடி ரூமுக்குப் போயிருங்க.

முக்கியமா கையில இருக்கிற கால்குலேட்டரைத் தூக்கி உள்ள வச்சிருங்க. எக்ஸாம்ல ஸ்கிரீன்ல வர்ற கால்குலேட்டர் மட்டும்தான், மவுஸ்ல ஒவ்வொரு நம்பரா தட்டணும், பழகலேன்னா அதுலயே நேரம் போயிரும்.

அப்புறம் நெகட்டிவ் மார்க். நாலுல ஒண்ணு செலக்ட் பண்ற கேள்வி தப்பானா 1 மார்க்குக்கு 1/3, 2 மார்க்குக்கு 2/3 போயிரும். ஆனா நம்பர் டைப் பண்றதுக்கும், ஒண்ணுக்கு மேல சரியான விடை இருக்கலாம்ங்கிற கேள்விக்கும் மைனஸ் கிடையாது, அதுல எதையும் சும்மா விடாதீங்க.

மாக் எழுதுறதவிட அதைத் திருப்பிப் பாக்குறதுக்குத்தான் நேரம் வேணும், தப்பு கான்செப்ட்லயா, கணக்குலயா, அவசரத்துலயான்னு ஒரு நோட்ல பிரிச்சு எழுதிட்டு, தப்பானத மட்டும் அடுத்த வாரம் பாக்காம போட்டுப் பாருங்க. ஆப்டிட்யூட் 15 மார்க், நம்ம ஆளுங்க கண்டுக்கிறதே இல்ல, தினம் அரை மணி நேரம் ஒதுக்குனா போதும்.