சேலம் வெயிலில் விளையாட்டுப் பீரியட்: பிள்ளைகளைப் பாதுகாக்கும் வழி

சேர்வராயன், நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை என்று சுற்றிலும் மலை நிற்கும் ஊர் சேலம். மார்ச் பிறந்துவிட்டால் மதியம் 38 டிகிரி சாதாரணம். காற்றின் சூடு உச்சத்துக்கு வருவது நடுப்பகலில் அல்ல, 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில். விளையாட்டுப் பீரியட் பல பள்ளிகளில் அந்த நேரத்தில்தான் விழுகிறது. ஆகவே முதலில் டைம்டேபிளை மாற்றுங்கள். ஓட்டம், கபடி, கோ-கோ எல்லாம் முதல் இரண்டு பீரியடில். மதியத்துக்கு கேரம், செஸ். மாலையில்தான் முடியும் என்றால் நாலரைக்குப் பிறகு.

காலையில் கவனிக்க வேண்டியது வெறும் வயிறு. அரசின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் படிப்பவர்களில், பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் சாப்பிடாமல் வருபவர்கள் உண்டு. விசில் ஊதும் முன் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்.

வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். லீவு முடிந்த முதல் நாளே மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடச் சொல்வது ஆபத்து. முதல் நாள் 20 நிமிடம் லேசான பயிற்சி போதும். பிறகு நாளுக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டுங்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்து தேறியவர்களுக்கும் இதே கணக்குதான். தண்டனைக்காக வெயிலில் ஓடவிடுவது கூடவே கூடாது.

20 நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்டத்தை நிறுத்தி, வேப்பமரத்தடிக்கோ வராண்டாவுக்கோ கூட்டிப் போய் ஆளுக்கு ஒரு டம்ளர், அதாவது சுமார் 200 மில்லி, தண்ணீர் கொடுங்கள். 'தாகமானவர்கள் குடியுங்கள்' என்றால் பாதிப் பேர் நகரமாட்டார்கள். பெண் பிள்ளைகள் பலர் கழிப்பறை சரியில்லை என்பதற்காகவே தண்ணீரைத் தவிர்க்கிறார்கள். கழிப்பறையைச் சரிசெய்யாமல் குடி, குடி என்று சொல்லிப் பயனில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் ஓ.ஆர்.எஸ். நல்லது. ஒரு லிட்டர் பாக்கெட்டை முழு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பாதித் தண்ணீரில் கரைத்தால் உப்பு கூடி, கெடுதலாக முடியும்.

ஏற்காட்டிலிருந்து போட்டிக்கு இறங்கி வரும் பிள்ளைகள் குளிருக்குப் பழகியவர்கள். 20 கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுத்திருந்தால் உடம்பில் நீரும் குறைந்திருக்கும். இறங்கியதும் ஓ.ஆர்.எஸ். கொடுத்து உட்கார வையுங்கள். 1500 மீட்டர் போன்ற ஓட்டங்களை இவர்களுக்காகக் காலையிலேயே வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் நிழலில் படுக்கவைத்து, காலைத் தூக்கிவைத்துத் தண்ணீர் கொடுக்கலாம். ஆனால் பிள்ளை தள்ளாடினால், பேச்சு குழறினால், என்ன வகுப்பு என்று கேட்டால் உளறினால், அது சாதாரண வெப்ப மயக்கம் அல்ல, வெப்ப வாதம், அதாவது ஹீட் ஸ்ட்ரோக். வியர்வை கொட்டுகிறதே என்று ஏமாறாதீர்கள். ஓடி ஆடி விழுந்தவர்களுக்கு வியர்வை நிற்காமலும் இருக்கும். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மற்றவர்கள் தார்ப்பாயை விரித்துப் பிள்ளையைக் கிடத்தி, நான்கு ஓரத்தையும் தூக்கிப் பிடித்து, ஐஸ் போட்ட தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றி அலசுங்கள். தலை மட்டும் தண்ணீருக்கு மேலே இருக்கட்டும். வண்டி வரும்வரை நிறுத்தாதீர்கள். முதல் அரை மணிக்குள் உடம்பு தணிந்தால்தான் மூளையும் சிறுநீரகமும் தப்பும். நினைவு சரியில்லாதபோது வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.

தார்ப்பாய், குடம், ஐஸ் பெட்டி மூன்றும் மைதானத்து ஓரத்தில் இருக்க வேண்டும், ஆபீஸ் அறையில் பூட்டியல்ல. தேறி வந்த பிள்ளையை டாக்டர் எழுதிக் கொடுக்கும்வரை மைதானத்தில் இறக்காதீர்கள்.