கோயிலைச் சுத்தம் செய்யும் உழவாரப் பணிக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

பக்தி வந்த பிறகு சேவைக்குப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள், பலருக்கு அது கோயில் பிரகாரத்தில் நெருஞ்சி பிடுங்கும்போதுதான் மெல்ல வருகிறது. 7ஆம் நூற்றாண்டில் அப்பர் கையில் புல் செதுக்கும் உழவாரப்படையோடு கோயில் கோயிலாகப் போய்ச் செய்ததும் இதே வேலைதான்.

கவனிப்பில்லாத ஒரு சிறு கோயிலைத் தேர்ந்தெடுத்து, முதலில் அனுமதி கேளுங்கள். மண்வெட்டி, துடைப்பம், குடிதண்ணீர் போதும். கல்வெட்டிலும் சிற்பத்திலும் கம்பி பிரஷ், ஆசிட் வேண்டவே வேண்டாம், எழுத்து போனால் போனதுதான். கோபுரத்து அரசங்கன்றை இழுத்துப் பிடுங்காதீர்கள், வேரோடு செங்கலும் வந்துவிடும்.

அப்புறம், வேலை முடிந்ததும் உடனே கிளம்பாமல், எதையும் வேண்டிக்கொள்ளாமல் சன்னதி முன் கொஞ்ச நேரம் உட்காருங்கள். கேட்பதற்காகவே கோயிலுக்குப் போய்ப் பழகிய நமக்கு இது முதலில் விசித்திரமாக இருக்கும், இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதே கோயிலுக்கே போங்கள்.