மஞ்சள் பூவெல்லாம் கேசியா இல்லை: கொன்றை, ஆவாரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரை வெயிலில் சரம்சரமாகத் தொங்கும் சரக்கொன்றை, சாலையோரத்து ஆவாரை, மழைக்குப் பின் தரிசெல்லாம் முளைக்கும் தகரை. பழைய தாவர நூல்களைப் புரட்டினால் மூன்றும் கேசியா என்ற ஒரே பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களின் ஒரே தொகுப்பில், இருக்கும். ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் தொடங்கிவைத்த வழக்கம் அது. 1982-இல் இர்வின், பார்னபி என்ற இரு தாவரவியலாளர்கள் பூவையும் காயையும் நுணுக்கமாகப் பார்த்து, இதைக் கேசியா, சென்னா, கேமகிரிஸ்டா என்று மூன்றாகப் பிரித்தார்கள். கேசியாவில் இப்போது மிஞ்சியவை சுமார் 30 இனங்கள்தான். சென்னாவில் 250-க்கும் மேல், கேமகிரிஸ்டாவில் 300-க்கும் மேல்.

ஆவாரையை இன்னமும் கேசியா ஆரிகுலேட்டா என்றே எழுதுவது பரவலாக நடக்கும் தவறு. அது இப்போது சென்னா ஆரிகுலேட்டா. இதைத் திருத்தப் போய், கேசியா என்று கண்ட இடமெல்லாம் சென்னா என்று மாற்றிவிடுகிறவர்களும் உண்டு. சரக்கொன்றை இன்றும் கேசியா ஃபிஸ்டுலாதான், அதில் மாற்றமே இல்லை. இன்னொன்று, பழைய பெயரில் ஒரு பதிவும் புதிய பெயரில் ஒரு பதிவும் இருந்தால் அவற்றை இரண்டு செடிகளாக எண்ணிவிடுவது. ஊர்த் தாவரப் பட்டியல் தயாரிக்கும்போது இதில் தனிக் கவனம் வேண்டும்.

சரி, நேரில் எப்படிப் பிரித்தறிவது? பூவின் நிறத்தை மறந்துவிட்டு மகரந்தத்தாள்களைப் பாருங்கள். சரக்கொன்றைப் பூவில் மூன்று மகரந்தத்தாள்கள் மட்டும் நீண்டு, கொக்கிபோல் வளைந்து மேலேறி நிற்கும். அந்த வளைவு கேசியாவின் அடையாளம். சென்னாவில் மகரந்தக் காம்புகள் அப்படி வளைவதில்லை. பூக்காம்பையும் பாருங்கள். கேசியாவில் அதன் அடியில் சின்னஞ்சிறு செதில்கள் இரண்டு இருக்கும், கேமகிரிஸ்டாவில் அவை காம்பின் நடுவிலோ மேலேயோ இருக்கும், சென்னாவில் இருக்கவே இருக்காது. கேமகிரிஸ்டாவின் காய் முற்றியதும் வெடித்து, இரு பக்கமும் முறுக்கிக்கொள்ளும். ஒரு கைலென்ஸ் இருந்தால் போதும், இதையெல்லாம் அங்கேயே நின்று பார்த்துவிடலாம்.

காயை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். உருளையான நீளக்காய் என்றதும் சரக்கொன்றை என்று முடிவுகட்டுகிறோம். ஆனால் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் மரத்தின் காயும் உருளைதான். அதன் பூங்கொத்து தொங்காமல் நிமிர்ந்து நிற்கும். சரக்கொன்றையின் இலையில் பெரிய சிற்றிலைகள் சில இணைகளே இருக்க, இதில் சிறியவையாகப் பத்து இணைக்கு மேல் இருக்கும்.

இந்த ஸ்பெக்டாபிலிஸ் மரத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே பெயர்க் குழப்பம் காட்டுக்கே கேடாகிறது. தமிழில் மஞ்சள் கொன்றை என்ற ஒரே பெயர், சாலையோரங்களில் நட்ட சென்னா சயாமியாவுக்கும் வழங்குகிறது, இதற்கும் வழங்குகிறது. முன்னது சியாம் நாட்டைப் பெயரிலேயே சுமப்பது. பின்னது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுக்காகவும் நிழலுக்காகவும் கொண்டுவரப்பட்டு, இன்று முதுமலை, சத்தியமங்கலம், வயநாடு காடுகளில் அடர்ந்து பரவிக் கிடக்கிறது. வெட்டினால் அடிமரத்திலிருந்து மறுபடி துளிர்க்கும். கொன்றைதானே, நம் மரம்தானே என்று இதன் கன்றை வாங்கி நடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் தவறு. கன்று வாங்கும்போது அறிவியல் பெயரைக் கேளுங்கள்.

அடுத்தது தழைச்சத்து. அவரைக் குடும்பம் என்றாலே வேர் முடிச்சு இருக்கும், மண் வளமாகும் என்று நம்பிவிடுகிறோம். கேமகிரிஸ்டாவுக்கு முடிச்சு உண்டு. கேசியாவிலும் சென்னாவிலும் கிடையாது. ஆவாரைத் தழையை வயலில் மிதித்து உரமாக்குவது நல்ல வழக்கம்தான், ஆனால் அது இலை மட்கித் தரும் சத்து, காற்றிலிருந்து வேர் பிடித்துத் தருவது அல்ல.

தகரையில் இன்னொரு சிக்கல். சென்னா டோராவும் சென்னா அப்டூசிஃபோலியாவும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். பின்னதில் காய்க்காம்பு நீளம். காய் பிடித்த செடியைப் பார்க்காமல் பெயர் எழுதாதீர்கள்.

அப்புறம், ஓரிடத்தில் நிறைய இருக்கிறது என்பதாலேயே ஒரு செடியை அந்த மண்ணுக்கு உரியதென்று எழுதிவிடக் கூடாது. வண்டுகொல்லி எனும் சென்னா அலாட்டா குளத்தோரங்களில் தானாகவே வளர்கிறது, ஆனால் பூர்வீகம் அமெரிக்கா. நிலாவாரை உலகச் சந்தையில் திருநெல்வேலி சென்னா என்றே பெயர் பெற்றது. அது அங்கே பயிரிட்டு ஏற்றுமதியானதால் வந்த பெயர். செடியோ வடகிழக்கு ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் இயல்பாக வளர்வது. பதிவு எழுதும்போது ஊர்ப் பெயரோடு, நட்டதா, தப்பி முளைத்ததா, காட்டில் இயல்பாக வளர்ந்ததா என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.