குடியை விட்டபின் வடசென்னைக்குப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டில் குடியை நிறுத்தி, ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு) மீட்டிங்குகளைப் பிடித்துக்கொண்டு நாளை ஓட்டுகிறவர் நீங்கள் என்றால், ஊரில் இறங்கியதும் முதலில் போக வேண்டிய இடம் மீட்டிங்தான். உறவினர் வீடு அப்புறம். இந்த முறை நான் இறங்கிய அன்று மாலையே விசேஷம் இருந்ததால் எனக்கு வரிசை மாறிப்போனது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர் இரண்டு லிட்டர் வரை மதுவை வரியில்லாமல் கொண்டுவரலாம். இந்தக் கணக்கு ராயபுரத்தில் இருக்கும் என் மாமாவுக்கு மனப்பாடம். டிக்கெட் போட்ட அன்றே போன் வந்துவிட்டது. குடியை விட்டுவிட்டேன் என்றேன். “நீ குடிக்க வேணாம்டா, எங்களுக்குத்தான கேக்குறேன்” என்றார். குடியை விட்டவன் அந்தப் பாட்டிலைக் கையில் வாங்கி, தலைக்கு மேலே பெட்டியில் வைத்துக்கொண்டு இரவு முழுக்க உட்கார்ந்து வருவது என்னவென்று அவருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. வாங்காமல்தான் வந்தேன்.

அவர் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். சாப்பாடு முடிந்ததும் ஆண்களெல்லாம் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். தண்ணீர்த் தொட்டி ஓரம் டாஸ்மாக் பாட்டில்கள், பிளாஸ்டிக் டம்ளர்கள், மாங்காய்க் கீற்று, நெத்திலி வறுவல். மாமா எனக்கும் ஊற்றி நீட்டினார். வேண்டாம் மாமா என்றேன். மறுபடி நீட்டினார். மறுபடி வேண்டாம் என்றேன். “உங்கப்பன் சாவுக்குத்தான் வரல. எம் பொண்ணு விசேஷத்துக்கு ஒரு கிளாஸ் தொட மாட்டியா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். குடித்தே போய்ச்சேர்ந்தார். விசா சிக்கலில் நான் வர முடியாமல் போனது மாடியில் நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. டம்ளரைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டுப் படியிறங்கினேன். மாமா அதற்கப்புறம் பேசவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அவர் கை நடுங்குவதையும் பார்த்தேன், அந்தக் கவலையும் இருக்கிறது.

ஆகவே, மாத்திரை சாப்பிடுகிறேன், விரதம் என்றெல்லாம் சமாளிக்காதீர்கள். மாத்திரை முடிந்ததா என்று மறுநாள் கேட்பார்கள். “குடிக்கிறதில்ல மாமா” என்பதோடு நிறுத்துங்கள். திரும்பிப் போக அவர்கள் வண்டியை நம்பி இருக்காதீர்கள்.

சென்னையில் ஏஏ குழுக்கள் பெரும்பாலும் சர்ச் வளாகத்திலோ பள்ளிக்கூட வகுப்பறையிலோ மாலையில் கூடுகின்றன. இணையத்தில் இருக்கும் முகவரி பழையதாக இருக்கலாம். புறப்படுவதற்கு முன்பே ஏஏ உதவி எண்ணில் பேசி எந்தக் கிழமை, எந்த கேட், தமிழிலா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் தேடிப்போன பள்ளிக்கூடம் பரீட்சைக்காகப் பூட்டிக் கிடந்தது. வாட்ச்மேனிடம் ஏஏ என்றபோது விழித்தார். “குடியை விட்டவங்க மீட்டிங்” என்றதும் பின்தெரு சர்ச்சுக்குக் கையைக் காட்டினார். குடிக்காதவர்களும் வரக்கூடிய ஓப்பன் மீட்டிங்கா, குடிநோயாளிகளுக்கு மட்டுமான குளோஸ்டு மீட்டிங்கா என்பதை, கூட யாரையாவது அழைத்துப் போவதாக இருந்தால் விசாரித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனால் எல்லாம் நமக்குப் பழகியதுதான். குடியிலிருந்து மீள ஏஏ சொல்லும் அதே பன்னிரண்டு படிகள், அதே பிரார்த்தனை, முடிவில் டீ. ஆனால் பல வருஷம் ஆங்கிலத்தில் பேசிப் பழகிய கதையைத் தமிழில் சொல்லும்போது ஒளிந்துகொள்ள இடமிருக்காது. அப்பாவைப் பற்றி அங்கேதான் முழுதாகச் சொன்னேன். எனக்கு முன் பேசிய காசிமேட்டுக்காரர், கைலியை மடித்துவிட்டுக்கொண்டு, “நேத்து குடிக்கல. இன்னிக்கும் குடிக்கல. மீன் நல்ல விலைக்குப் போச்சு” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு நேரம் படபடத்துக்கொண்டிருந்த எனக்கு அதைக் கேட்டபிறகுதான் மூச்சு சீரானது.

நீங்கள் போய்வந்தது தெரிந்தால் வீட்டில் யாராவது தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். என்னிடம் கேட்டது அத்தை. அதற்கு எவ்வளவு காசு ஆகும் என்றார். 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது, இன்றுவரை கட்டணம் கிடையாது, குடியை நிறுத்த ஆசை இருந்தால் போதும் என்றேன். இன்னொன்றையும் அழுத்திச் சொன்னேன். தினமும் குடிப்பவரை வீட்டில் பூட்டி வைத்துச் சட்டென்று நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம். முதலில் டாக்டர். அந்தப் பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. சாப்பாட்டில் தெரியாமல் மாத்திரை கலந்து கொடுக்கச் சொல்லும் பக்கத்து வீட்டு யோசனை வேண்டவே வேண்டாம். அந்த மருந்தின் மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆபத்தாகிவிடும். போனில் கேட்க 14446 என்ற மத்திய அரசின் இலவச எண் இருக்கிறது. மனநல ஆலோசனைக்கு 14416.

மாமா வர மாட்டார் என்று அத்தை சொன்னார். அவர் வராவிட்டாலும் அத்தை போகலாம். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்று தனி மீட்டிங் உண்டு. ஏஏ உதவி எண்ணில் பேசும்போதே அதன் கிழமையையும் இடத்தையும் கேட்டு, உங்கள் அத்தைக்கோ அம்மாவுக்கோ தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டு, முடிந்தால் முதல் தடவை வாசல்வரை கூடவே போய்விட்டு வாருங்கள்.